வேடத்தில் தெரியும் வரலாறு: புஷ்பமாலாவின் புகைப்படக் கலையும் ‘தென்னிந்தியப் பெண்’ணும்

புகைப்படம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கேமரா இந்தியாவுக்குள் வந்த காலத்திலேயே வேரூன்றிவிட்டது. ஓவியர் தம் விருப்பம்போல் கூட்டியும் குறைத்தும் தீட்டக்கூடும், ஆனால் ஒளி தன் முன் நிற்பதை நின்றபடியே பதிந்துவிடும் என்று அக்காலத்தவர் கருதினர். ஆட்சியாளர்கள், மானிடவியலாளர்கள், அச்சக உரிமையாளர்கள், திரைப்பட நிறுவனத்தார் எனப் பல தரப்பினரும் இந்த நம்பிக்கையின் மேல் நின்றுகொண்டு, இந்தியப் பெண் என்பவள் யார், அவள் எப்படி நிற்பாள், எதை உடுத்துவாள், யாரைப் பார்ப்பாள் என்பதற்கான அச்சுகளை வார்த்தனர். அந்த அச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றுக்குள் தம் உடலையே பொருத்தி, அவை வார்க்கப்பட்ட விதத்தைப் பார்வையாளருக்குக் காட்டுவதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டிருப்பவர் பெங்களூருவைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா என்.

சமகால இந்தியக் கலையில் அடையாளம், பாலினம், பண்பாடு ஆகிய மூன்றையும் ஒருசேர ஆராய்ந்தவர்களில் அவர் முதன்மையானவர். அவருடைய படங்களில் பெண் துப்பறிவாளர், இல்லத்தரசி, திருமகள், வேளாங்கண்ணி மாதா, தோடர் பெண், நகை பறித்ததாகக் கைதான பெண், பாரத மாதா, போர்த்துகீசிய மாலுமி வாஸ்கோ ட காமா எனப் பலர் தோன்றுகின்றனர். அத்தனை பேரும் அவரே. இத்தனை வேடங்களுக்குப் பின்னும் அவருடைய கேள்வி ஒன்றுதான்: ஒரு பெண்ணின் உருவத்தை யார் தீர்மானித்தார்கள், எந்தத் தேவைக்காகத் தீர்மானித்தார்கள்?

சிற்பத்திலிருந்து கேமராவுக்கு

1956இல் பெங்களூருவில் பிறந்த புஷ்பமாலா, பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் சிற்பம் பயின்றவர். நாட்டார் மரபையும் எளிய மக்களின் அன்றாட வாழ்வையும் நவீனக் கலைக்குள் கொண்டுவரும் முயற்சிகள் அங்கே தீவிரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. 1980களில் சுடுமண் உருவங்களைச் செய்து சிற்பியாகப் பெயர்பெற்ற அவர், 1990களின் நடுவில் களிமண்ணை விட்டுத் தம் உடலையே கலைப்பொருளாக்கிக்கொண்டார். களிமண்ணுக்கு வடிவம் தந்த அதே அறிவு, பிறகு நிற்கும் நிலையையும் கையின் வளைவையும் முகத்தின் சாய்வையும் வடிக்கப் பயன்பட்டது. அவருடைய புகைப்படங்களில் உடல் எடுக்கும் இடத்தைக் கூர்ந்து நோக்கும் எவருக்கும் அவற்றை அமைத்தவர் ஒரு சிற்பி என்பது புலப்படும்.

இவ்வகைக் கலைக்குப் புகைப்பட நிகழ்த்துகலை என்று பெயர். மேடையில் பார்வையாளர் முன் நடிப்பதற்குப் பதிலாகக் கேமராவின் முன் நடிப்பதும், அந்த நடிப்பின் ஒரு கணத்தைப் படமாக நிலைநிறுத்துவதும், அந்தப் படத்தையே முழுமையான படைப்பாக முன்வைப்பதும் இதன் இயல்பு. இங்கே கலைஞர் கேமராவுக்குப் பின்னால் நிற்பதில்லை; ஷட்டரை இயக்குவது பெரும்பாலும் வேறொருவர். கதையையும் காட்சியையும் உடையையும் ஒளியையும் திட்டமிட்டு, அந்தக் காட்சிக்குள் தாமே நுழைந்து நிற்பவர் என்ற பொருளில்தான் புஷ்பமாலா புகைப்படக் கலைஞர் ஆகிறார்.

இந்தப் பாதையில் அவருடைய முதல் பெரிய படைப்பு ‘ஃபான்டம் லேடி அல்லது கிஸ்மத்’ (1996–98). மும்பையின் தெருக்களிலும் கட்டடங்களிலும் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்களின் தொடராக, பழைய திரைப்படமொன்றின் விளம்பரப் படங்களை வரிசையாக ஒட்டிவைத்ததுபோல் அமைந்த இப்படைப்பில், முகமூடி அணிந்த சாகசப் பெண்ணாகவும் பிரிந்துபோன இரட்டைச் சகோதரியாகவும் அவர் இரு வேடங்களில் தோன்றுகிறார். முகமூடிப் பாத்திரத்தின் முன்மாதிரி ‘அஞ்சா நாடியா’ என்று புகழ்பெற்ற நடிகை. ஆஸ்திரேலியாவில் பிறந்து, மேரி ஆன் எவன்ஸ் என்ற இயற்பெயர் கொண்டிருந்த நாடியா, வாடியா மூவிடோன் நிறுவனத்தின் ‘ஹண்டர்வாலி’ (1935) படத்தில் சாட்டை ஏந்திக் குதிரையேறி வந்து, ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட சண்டைக் காட்சிகளைத் தாமே நடித்தவர். வெளிநாட்டில் பிறந்த வெள்ளைத்தோல் பெண் ஒருவர் இந்திய மக்களின் வீரநாயகியாக ஏற்கப்பட்ட அந்த வரலாறே, பண்பாட்டு அடையாளம் என்பது பிறப்பால் மட்டும் முடிவாவதில்லை என்பதற்குச் சான்று. புஷ்பமாலா அந்த வேடத்தை மீண்டும் அணிந்தபோது, அந்தச் சான்றையும் சேர்த்தே அணிந்துகொண்டார்.

அதைத் தொடர்ந்து வந்த ‘சுனெஹ்ரே சப்னே’ (1998), கறுப்பு வெள்ளைப் படங்களின் மீது கையால் வண்ணம் பூசிய தொடர். வண்ணப் படச்சுருள் பரவலாவதற்கு முன் ஊர்தோறும் இருந்த ஸ்டூடியோக்கள் திருமணப் படங்களுக்கும் குடும்பப் படங்களுக்கும் இப்படித்தான் சாயம் ஏற்றின. நடுத்தர வர்க்க இல்லத்தரசி ஒருத்தியின் அன்றாடமும் அவள் காணும் பொற்கனவும் அருகருகே நிற்கும் இத்தொடரில், வீட்டுக்குள் அடங்கிய பெண், கனவில் நாகரிக மங்கை என்ற இரண்டு உருவங்களும் சினிமாவும் வார இதழ்களும் அவளுக்கு வழங்கியவையே என்பது தெளிவாகிறது.

‘நவரச’ தொடர் (2000–03) இன்னொரு தளத்தைத் தொடுகிறது. 1950களிலும் 60களிலும் இந்தித் திரை நட்சத்திரங்களைப் படமெடுத்துப் புகழ்பெற்ற மும்பையின் மூத்த ஸ்டூடியோ கலைஞர் ஜே. எச். தக்கரைத் தேடிச்சென்று, அவருடைய ‘இந்தியா போட்டோ ஸ்டூடியோ’வில், அவருடைய ஒளியமைப்பிலேயே ஒன்பது சுவைகளையும் புஷ்பமாலா நடித்துக் காட்டினார். உள்ளத்து உணர்வு உடலின்வழி வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று பெயரிட்டு எட்டாக வகுத்தது. வடமொழி நாடக நூல் சுவைக் கோட்பாட்டை வளர்த்தது. உணர்ச்சிக்கும் ஓர் இலக்கணம் உண்டு, அதைக் கற்றே நடிக்கிறோம் என்ற அந்தப் பழைய அறிவு, பெண்மையின் நாணமும் சினமும் அச்சமும் ஸ்டூடியோ விளக்குகளின் கீழ் எப்படி உருவாக்கப்பட்டன என்ற புதிய ஆய்வாக இப்படங்களில் மாறுகிறது.

மனிதரை ‘வகை’யாக்கிய கேமரா

புஷ்பமாலாவின் மிக முக்கியமான படைப்பான ‘தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்: நடைமுறைகளும் பழக்கவழக்கங்களும்’ (2000–2004) எதை எதிர்த்துப் பேசுகிறது என்பதை அறிய, காலனிய மானிடவியலின் புகைப்பட வரலாற்றை அறிந்திருப்பது இன்றியமையாதது. அந்தத் தலைப்பே 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களின் தலைப்புகளைப் போலச் செய்யப்பட்டது.

1857 எழுச்சிக்குப் பின் இந்திய ஆட்சியைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிரிட்டிஷ் அரசு, தான் ஆளும் மக்களை அறிந்து வகைப்படுத்துவதை ஆட்சிக்கலையின் ஒரு பகுதியாகக் கொண்டது. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், ஜான் வில்லியம் கே ஆகிய இருவரும் பதிப்பித்து 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் புகைப்பட நூல் அதன் முதல் பெரும் விளைச்சல். அதில் நிற்கும் மனிதர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. சாதியின் பெயரோ பழங்குடியின் பெயரோ மட்டும் உண்டு. அதனருகே அக்குழுவினரின் குணம் எத்தகையது, ஆட்சிக்கு அவர்கள் எந்த அளவுக்கு விசுவாசமானவர்கள் என்ற குறிப்பும் உண்டு. தனி மனிதர் தம் பெயரை இழந்து ஒரு குழுவின் மாதிரியாக நிறுத்தப்படும் இம்முறையைத்தான் ‘வகை’ என்ற சொல்லால் அக்காலத்தவர் குறித்தனர்.

இதே காலத்தில் மானிட அளவையியல் என்ற துறை வளர்ந்தது. மண்டையோட்டின் அகலம், மூக்கின் நீளம், கைகால்களின் விகிதம் ஆகியவற்றை அளந்து மக்களை இனங்களாகப் பிரிக்க முடியும் என்று அத்துறை நம்பியது. அந்த நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பது பின்னர் நிறுவப்பட்டது. 1869இல் ஜான் லாம்ப்ரே என்பவர், இரண்டு அங்குலச் சதுரங்களாக நூல் கட்டிய சட்டத்தின் முன் மனிதரை ஆடையின்றி நிறுத்திப் படமெடுத்தால், படத்திலிருந்தே உடலை அளந்துவிடலாம் என்ற முறையை வெளியிட்டார். 1890களில் அந்தமானில் அதிகாரியாக இருந்த மாரிஸ் விடால் போர்ட்மன், அத்தீவுகளின் மக்களைச் சதுரக் கட்டத் திரையின் முன் நிறுத்தி ஏராளமான படங்களை எடுத்தார்.

தமிழ்நிலத்துக்கு இவ்வரலாற்றில் பெரும் பங்குண்டு. நீலகிரியின் முதல் ஆணையரான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் எழுதி 1873இல் வெளியான நீலகிரிப் பழங்குடிகள் பற்றிய நூல், தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோரின் புகைப்படங்களைத் தாங்கியிருந்தது. உலகில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்டும் ஆராயப்பட்டும் வந்த சிறு சமூகங்களுள் ஒன்றாகத் தோடர் ஆனது அந்த நூற்றாண்டில் தொடங்கியதே. 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், காலிப்பர் எனப்படும் அளவைக் கருவியோடு தென்னாடு முழுவதும் சுற்றி மக்களை அளந்து, கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ‘தென்னிந்தியாவின் சாதிகளும் பழங்குடிகளும்’ நூலை ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். தங்களைக் கொன்று பதப்படுத்திச் சென்னை அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவாரோ என்று அஞ்சி வயநாட்டின் பணியர் பெண்கள் ஓடியதை அவரே பதிவுசெய்திருக்கிறார். அப்பெண்களின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அளக்கப்படுதல் என்பது பொருளாக்கப்படுதலே என்பதை, அளந்தவரைவிட அளக்கப்பட்டவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

வகைப்படுத்தல் ஏட்டோடு நின்றுவிடவுமில்லை. 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டு, சில சமூகங்களில் பிறந்த எல்லோரையும் பிறவிக் குற்றவாளிகளாகக் கணக்கெடுத்தது. அச்சட்டத்தின் கீழ்க் கைரேகை பதிய மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் உயிரிழந்தனர். உருவத்தையும் உடற்குறியையும் அரசின் பதிவேட்டில் அடைக்கும் செயலுக்கு மக்கள் கொடுத்த விலை இது.

ஒரே உடல், பல பெண்கள்

இந்தப் பின்னணியில்தான் ‘தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்’ தொடரின் கூர்மை விளங்கும். பெங்களூருவில் வாழும் பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து, இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளையின் நிதியுதவியோடு உருவாக்கப்பட்ட இத்தொடர் 200க்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டது. ‘சுதேசி வகைகள்’, ‘இனவரைவியல் வரிசை’, ‘வெகுஜன வரிசை’, ‘செயல்முறை வரிசை’ என நான்கு பகுதிகளாக அமைந்தது.

முதல் பகுதியில் பத்துப் பெரிய வண்ணப் படங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மக்களிடையே ஏற்கெனவே உலவிய ஒரு பெண்ணுருவத்தை அணுவணுவாக மீட்டுருவாக்குகிறது. ராஜா ரவி வர்மாவின் திருமகளும் நிலவொளியில் அமர்ந்திருக்கும் பெண்ணும் நீர்நிலையிலிருந்து திரும்பும் பெண்ணும் அங்கே உண்டு. பிஜப்பூர் அரசவையின் நுண்ணோவியத்தில் வரும் யோகினி உண்டு. 1970களின் தமிழ்த் திரைப்படக் காட்சி ஒன்றிலிருந்து எடுத்த, சாட்டை சுழற்றும் நாயகி உண்டு. நகை பறித்த வழக்கில் கைதான பெண்களின் நாளிதழ்ப் படமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுக்கப்பட்ட மானிட அளவையியல் படத்தின் வழியில், கட்டம் போட்ட திரையின் முன் அளவெடுக்கப்படும் தோடர் பெண்ணும் உண்டு.

இந்தத் தேர்வில் தற்செயல் எதுவும் இல்லை. ரவி வர்மா (1848–1906) 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு அனுப்பிய பத்து ஓவியங்களும் இந்தியாவின் பல பகுதிகளையும் சமூகங்களையும் சேர்ந்த பெண்களையே காட்டின. அவரது அச்சகம் ஓலியோகிராஃப் முறையில், அதாவது எண்ணெய் வண்ண ஓவியத்தின் தோற்றத்தைத் தரும் கல்லச்சு முறையில், திருமகளையும் கலைமகளையும் ஆயிரக்கணக்கில் அச்சிட்டுப் பூசையறைகளுக்குக் கொண்டுசேர்த்தது. சேலை உடுத்து, சிவந்த மேனியும் அடக்கமான பார்வையும் கொண்டு தாமரைமேல் நிற்கும் அந்தப் பெண், தெய்வத்தின் உருவமாக மட்டுமன்றி நல்ல குடும்பப் பெண்ணின் இலக்கணமாகவும் நிலைபெற்றாள். நாட்காட்டிகளிலும் கடைச் சுவர்களிலும் அவளைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகளுக்கு, அவள் ஓர் ஓவியரின் கற்பனை என்பதே மறந்துபோயிற்று. புஷ்பமாலா தாமரைமேல் ஏறி நிற்கும்போது, அட்டையில் செய்த நீர்நிலையும் தீட்டிய திரையும் பார்வையாளரின் கண்ணில் பட்டுவிடுகின்றன. இந்தத் திருமகளுக்குத் தசையும் எலும்பும் வயதும் இருப்பது தெரிந்துவிடுகிறது.

வேளாங்கண்ணி மாதாவின் படம் இதனினும் நுட்பமானது. நாகப்பட்டினம் கடற்கரையில் கோயில் கொண்டு, சேலை அணிந்து, கையில் குழந்தையுடன் நிற்கும் அந்த அன்னை, ஐரோப்பிய சமய மரபும் தமிழரின் தாய்த்தெய்வ வழிபாடும் ஒன்றில் ஒன்று கலந்ததன் வடிவம். கிறித்தவர் மட்டுமன்றி இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கே நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர். ‘தென்னிந்தியப் பெண்’ணைத் தூய, கலப்பற்ற, ஒற்றை வேர் கொண்டவளாகக் கற்பிக்கும் எந்தப் பட்டியலிலும் இவ்வன்னை அடங்கமாட்டார். அவரை இந்த வரிசைக்குள் வைத்ததன் மூலம், பண்பாடு என்பது கலப்பினாலேயே உயிர்வாழ்கிறது என்பதைப் புஷ்பமாலா உரத்த சொல் ஏதுமின்றி நிறுவுகிறார்.

திருமகளும் கைதிப் பெண்ணும் தோடர் பெண்ணும் ஒரே அளவில், ஒரே சுவரில், ஒரே முகத்தோடு தொங்குவதே இத்தொடரின் மிக வலிமையான வாதம். ஒருத்தியை வணங்கவும் ஒருத்தியைச் சந்தேகிக்கவும் ஒருத்தியை அளக்கவும் பழகிய கண், மூன்றிலும் ஒரே பெண்ணைக் கண்டு தடுமாறுகிறது. வணக்கமும் சந்தேகமும் அந்தப் பெண்ணிடமிருந்து பிறக்கவில்லை, அவளைச் சுற்றி வைக்கப்பட்ட பொருள்களிலிருந்தே பிறந்தன என்பது அந்தத் தடுமாற்றத்தில் விளங்குகிறது. இனவரைவியல் வரிசையின் பழுப்பு நிறச் சிறு படங்களில் இப்பாத்திரங்கள் மானிடவியல் படங்களின் முறைமைக்குள் கொண்டுவரப்படுகின்றன. வெகுஜன வரிசையில் ஸ்டூடியோப் படங்களின் பாணியில் உலாவருகின்றன.

செயல்முறை வரிசையைத் துணைப்பகுதியாகக் கருதிக் கடந்துவிடக் கூடாது. திரை தீட்டுதல், உடை தைத்தல், ஒப்பனை, ஒளியமைப்பு, இடையில் ஓய்வு என இப்படங்கள் உருவான விதமே அங்கே படைப்பாகிறது. அமெரிக்கக் கலைஞர் சிண்டி ஷெர்மன் 1977 முதல் 1980 வரை எடுத்த ‘பெயரிடாத திரைப்படக் காட்சிகள்’ தொடரோடு புஷ்பமாலாவை ஒப்பிடுவது வழக்கம். இருவரும் தம்மையே வேடமிட்டுப் படமாக்கியவர்கள் என்பது உண்மை. ஆயினும் ஷெர்மனின் படங்கள் குறிப்பிட்ட எந்தத் திரைப்படத்தையும் நகலெடுப்பதில்லை. புஷ்பமாலாவின் படங்களோ வரலாற்றில் உள்ள குறிப்பிட்ட மூலப்படங்களைச் சுட்டுகின்றன. ஷெர்மன் பெரிதும் தனித்து இயங்கியவர். புஷ்பமாலாவுடன் ஒரு நாடகக் குழுவே இயங்குகிறது. கேமராவின் இரு பக்கங்களிலும் ஓர் இந்தியப் பெண்ணும் ஒரு பிரிட்டிஷ் பெண்ணும் கூட்டாளிகளாக நிற்பதும் பொருள் நிறைந்தது. அளப்பவரும் அளக்கப்படுபவருமாக இருந்த பழைய உறவை, இருவரும் சேர்ந்து கலைத்து மாற்றிக் கட்டுகின்றனர்.

பாலினம் என்னும் நடிப்பு

பாலினம் உடலோடு பிறந்து முடிந்துவிடும் உண்மையன்று, திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல்களால் உருப்பெறுவது என்ற கருத்தை அமெரிக்கச் சிந்தனையாளர் ஜூடித் பட்லர் 1990இல் வெளியிட்ட நூலின் வழியே பரவலாக்கினார். தென்னிந்திய அரங்க மரபை அறிந்தவர்களுக்கு இக்கருத்து முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களே ஸ்திரீ பார்ட் ஏற்று, நடையும் குரலும் நாணமும் பயின்று, பெண்மையின் இலக்கணத்தை மேடையில் வகுத்தனர். கே. பி. சுந்தராம்பாள் ‘பக்த நந்தனார்’ (1935) படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஆணுருவும் பெண்ணுருவும் பயிற்சியால் வசப்படுபவை என்பதை இந்த மரபு நடைமுறையில் அறிந்திருந்தது.

புஷ்பமாலா தம் படங்களை நாடகக் கம்பெனியின் கண்ணோடு அமைப்பவர். தீட்டிய திரையும் அட்டைத் தூண்களும் பொய்நகைகளும் ஒளிக்கப்படாமல் தெரிவதற்குக் காரணம் பண வசதியின்மை அன்று. அது தெரிந்தே செய்த தெரிவு. ‘வாஸ்கோ ட காமாவின் வருகை’ (2014) அதன் உச்சம். 1498இல் கள்ளிக்கோட்டை சாமூதிரியின் முன் வாஸ்கோ ட காமா நிற்பதாகப் போர்த்துகீசிய ஓவியர் ஜோசே வெலோசோ சால்கடோ 1898இல், அந்தக் கடல்வழியின் நானூறாம் ஆண்டையொட்டித் தீட்டிய பெரும் ஓவியத்தை அவர் நண்பர்களையும் கலைஞர்களையும் கொண்டு மீட்டமைத்தார். வாஸ்கோவாகத் தாமே நின்றார். கொச்சி முசிறி பினாலேயில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. ஐரோப்பிய ஆணின் வெற்றிப் பெருமிதத்தை இந்தியப் பெண் ஒருவர் அணிந்துகொள்ளும்போது, அந்தப் பெருமிதமும் ஓர் உடையே என்பதும், அது கழற்றக்கூடியது என்பதும் வெளிப்படுகின்றன.

தாயாக்கப்பட்ட நாடு

நாட்டைத் தாயாக உருவகிக்கும் மரபை அவர் நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறார். 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்த சுதேசி இயக்கத்தின்போது அபனீந்திரநாத் தாகூர் தீட்டிய காவியுடை அணிந்த நான்கு கைப் பாரத மாதாவிலிருந்து, போர்க்கோலம் பூண்ட அச்சுப்படத் தாய்மார்கள்வரை பல வடிவங்களை 2005 முதல் அவர் ‘மதர் இந்தியா’ வரிசையில் நடித்துக் காட்டினார். மொழியைத் தாயாக்கி, காரைக்குடியில் தமிழ்த்தாய்க்குக் கோயிலும் எழுப்பிய தமிழருக்கு இந்த உருவகத்தின் ஈர்ப்பு நன்கு தெரியும். அன்பின் வெளிப்பாடாகப் பிறந்த இவ்வுருவகம், காலப்போக்கில் உண்மைப் பெண்களுக்குத் தியாகத்தையும் தூய்மையையும் கடமையாக விதிக்கும் கருவியாகவும் ஆகிறது என்பதே அவர் எழுப்பும் கேள்வி. ‘ஆவேகம்’ (2012) தொடரில் அவர் சீதையை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் கைகேயியையும் சூர்ப்பணகையையும் சேர்த்துக்கொண்டதற்கும் இதுவே காரணம். விருப்பத்தை வெளிப்படையாகச் சொன்ன பெண்ணும் உரிமையைக் கேட்டுப் பெற்ற பெண்ணும் காவியத்தில் தண்டனையையும் பழியையும் அடைந்தனர்.

இந்தக் கலை நிகழ்கால அரசியலிலிருந்து விலகி நிற்பதுமில்லை. பெங்களூருவில் 2017 செப்டம்பர் 5 அன்று பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டபின், ‘கௌரி லங்கேஷின் அர்ஜென்ட் சாறு’ என்ற காணொளிப் படைப்பைப் புஷ்பமாலா அவருக்கு அஞ்சலியாக்கினார். கொல்லப்பட்டவரை வீரச்சிலையாக்காமல், அவசரமாக ஒரு ரசம் வைக்கத் தெரிந்த தோழியாக அது நினைவுகூர்ந்தது. பெண்ணைத் தெய்வமாகவோ குற்றவாளியாகவோ ஆக்காமல் மனுஷியாகவே காண்பதற்கான பிடிவாதம் அதிலும் உண்டு.

எழும் ஐயமும் அதற்கான விடையும்

இந்தப் படைப்புகள்மீது எழுப்பத்தக்க கடுமையான ஐயம் ஒன்று உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. நகரத்தில் கல்வி பெற்ற கலைஞர் ஒருவர் தோடர் பெண்ணின் வேடத்தை அணியும்போது, அச்சமூகத்தின் பெண்ணுக்கு மீண்டும் குரல் இல்லாமல் போகிறதே என்பதுதான் அது. வேடத்தைக் கழற்றிவைத்துவிட்டுச் செல்லும் வாய்ப்பு கலைஞருக்கு உண்டு. அளக்கப்பட்டவருக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை. பழைய காயத்தை மறுபடி நடித்துக் காட்டுவது அக்காயத்தை ஆற்றிவிடாது என்பதும் உண்மையே.

ஆயினும் புஷ்பமாலா தோடர் பெண்ணுக்காகப் பேசுவதாக எங்கும் உரிமை கொண்டாடவில்லை. அவர் நடித்துக் காட்டுவது அப்பெண்ணின் வாழ்க்கையை அன்று. அப்பெண்ணின்மேல் சுமத்தப்பட்ட படத்தை. கட்டத் திரையையும் அளவைக் கருவியையும் மையத்தில் வைத்து, பார்க்கப்பட்டவரிடமிருந்து பார்த்தவரின் பக்கம் விசாரணையைத் திருப்புகிறார். இது செய்தே ஆகவேண்டிய வேலை. அதேவேளை, அது பாதி வேலை மட்டுமே. படமாக்கப்பட்ட சமூகங்களிலிருந்தே எழும் கலைஞர்கள் கேமராவைக் கையில் எடுப்பதே மறுபாதி. தமிழ்நாட்டில் அது நடந்துகொண்டிருக்கிறது. மதுரை வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த தம் குடும்பத்தின் வாழ்வைத் தாமே படமாக்கிவருகிறார். மதுரையிலிருந்து வந்த மு. பழனிக்குமார், கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் அவர்களின் பெயரோடு பதிவுசெய்கிறார். புஷ்பமாலா பழைய அச்சை உடைத்துக் காட்டுகிறார் என்றால், இவர்கள் அந்த அச்சுக்கு வெளியே புதிய உருவங்களைப் படைக்கின்றனர். இவ்விரண்டில் ஒன்று இல்லாமல் மற்றொன்று நிறைவுபெறாது.

2019இல் நடந்த சென்னை புகைப்பட பினாலேயின் இரண்டாம் பதிப்பைப் புஷ்பமாலாவே ‘கண்ணாடிகளின் விலங்குலகம்’ என்னும் கருப்பொருளில் அமைத்தளித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம் உள்ளிட்ட பொதுக் கட்டடங்களில், கட்டணம் கொடுத்துக் கலைக்கூடத்துக்குப் போகும் பழக்கம் இல்லாதவர்களும் உலகப் புகைப்படங்களைக் கண்டனர். தர்ஸ்டன் மக்களை அளந்த அதே நகரில், மக்களே படங்களை நின்று மதிப்பிடும் நிலை ஏற்பட்டது சிறிய மாற்றம் அன்று.

இம்மாற்றம் தொடர வேண்டுமானால், பொறுப்பு கலைஞர்களிடம் மட்டும் இருந்தால் போதாது. தமிழகத்தின் அருங்காட்சியகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் உள்ள காலனியக் காலப் புகைப்படங்கள் பொதுமக்கள் காணத் திறந்துவைக்கப்பட வேண்டும். அவற்றுக்கு அன்று எழுதப்பட்ட இழிவான குறிப்புகளை இன்றைய அறிவின் துணையோடு விளக்க வேண்டும். படத்தில் உள்ளவர்களின் வழிவந்த சமூகத்தினரை அழைத்து, அவர்களுடைய சொற்களையும் அப்படங்களின் அருகே வைக்க வேண்டும். பள்ளிகளில் எழுத்தைப் படிக்கக் கற்றுத் தருவதுபோலவே படத்தைப் படிக்கவும் கற்றுத் தர வேண்டும். நாள்தோறும் கைப்பேசியில் எண்ணற்ற முகங்களைப் பார்த்துக் கடக்கும் ஒவ்வொருவரும், இந்தப் படத்தை எடுத்தவர் யார், இதில் நிற்பவரின் ஒப்புதல் பெறப்பட்டதா, இதனால் யாருக்கு நன்மை என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும். புஷ்பமாலாவின் கலைக்குச் செய்யக்கூடிய உண்மையான மரியாதை அதுவே.